காலையில் போய் இரவுக்குள் திரும்ப எந்தக் கடற்கரை? டெல்டா ஊர்க்காரர்களின் அனுபவங்கள்

கும்பகோணத்திலிருந்து:

விடியலில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும் என்று கணக்குப் போடும் எங்களைப் போன்றவர்களுக்குப் பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி ஆகிய எல்லாமே இரண்டு மணி நேரப் பயணத்துக்குச் சற்று முன்பின்னாகவே அமைந்திருப்பதால், தூரத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. எந்த மாதம் போகிறோம், யார் யார் வருகிறார்கள் என்ற இரண்டையும் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் கரையை முடிவு செய்கிறோம்.

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வயல்வெளிகளைக் கடந்து கடலை நோக்கிப் பாய்வதால், முற்பகலில் கரையோரத்து அலை அடங்கியதுபோலத் தெரியும். ஆனால் நீரில் மிதக்கும் எதுவும் கரைக்குத் திரும்பி வராது. தரங்கம்பாடியில் ஓர் ஆடிமாதக் காலையில் என் தங்கை மகன் உதைத்த காற்றடைத்த பந்து, நீரைத் தொட்டதும் உருண்டுகொண்டே கிழக்கே போகத் தொடங்கியது. முழங்காலளவு நீரில் நின்றிருந்த தங்கையின் கணவர் அதை எட்டிப் பிடிக்க நடந்தார். அவர் வேகம் கூட்டக் கூட்டப் பந்தும் விலகிக்கொண்டே போயிற்று. கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "தம்பி, பந்து போனா போவட்டும், அது இனி அந்தமான்லதான் நிக்கும். நீங்க மேல வாங்க" என்று உரக்கக் கூப்பிட்டார். அதன்பின் ஆடியில் போனால் பந்து, காற்றடைத்த டியூப், மிதவை எதையும் நாங்கள் வண்டியில் ஏற்றுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாகப்பட்டினம், காரைக்கால் துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் காலத்தில் கடலுக்குப் போக ஆசைப்படுவதே தவறு. தை முதல் பங்குனி வரைதான் வெயிலும் காற்றும் ஒத்துவரும் காலம். பங்குனி ஆமைகள் முட்டையிட இரவில் கரையேறும் பருவமும் அதுவே என்பதால், விடியும் நேரத்தில் போனால் மணலில் அவை துடுப்புப் போட்டு ஊர்ந்த தடத்தைக் காணலாம். தடத்தைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முட்டை இருக்கும் இடத்தைத் தோண்டிப் பார்க்கப் பிள்ளைகளை விடக்கூடாது.

வயதானவர்களும் பெண்களும் அதிகம் இருக்கும் குழுவானால் நான் தயங்காமல் வேளாங்கண்ணியைச் சொல்வேன். குளித்து எழுந்த உப்பு உடம்போடு இரண்டு மணி நேரம் வேனில் உட்கார்ந்து வருவது எவ்வளவு சங்கடம் என்பது பெண்களுக்குத் தெரியும். நல்ல தண்ணீரில் குளித்து உடைமாற்ற அங்கே கட்டண அறைகள் கிடைக்கும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா நடப்பதால், கடலுக்காக மட்டும் போகிறவர்கள் அந்த நாள்களைத் தவிர்த்துவிடலாம். காரைக்காலில் அரசலாற்றங்கரை வழியாகவே கடல்வரை நடந்து போகலாம் என்பது முழங்கால் வலியுள்ள என் தாயாருக்குப் பிடித்த வசதி. ஆனால் விடுமுறை நாள்களில் அங்கே குடித்துவிட்டு அலையில் இறங்குவோர் கூட்டம் இருக்கும். வார நாளே நல்லது.

பூம்புகாரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். காவிரி கடலில் கலக்கும் இடம் என்பதால் ஆடி அமாவாசைக்கும் பதினெட்டாம் பெருக்குக்கும் ஊரே திரண்டு போகிறது, நாங்களும் போகிறோம். ஆறு வற்றியிருக்கும்போது முகத்துவாரத்தை அடைத்துக் கிடக்கும் மணல்திட்டை, மேட்டூர்த் தண்ணீர் வந்ததும் ஆறு அறுத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. அந்த அறுப்பின் விளிம்பில் நிற்பவருக்குக் காலடி மணல் குதிகால் பக்கமாக முதலில் கரையும், அடுத்த அலை பின்வாங்கும்போது விரல்களுக்கடியிலும் கரைந்து, ஒரு நொடியில் கணுக்கால் நீர் இடுப்பு நீராகிவிடும். முழுக்குப் போட வந்தவர்கள் முகத்துவாரத்தை விட்டு விலகி, கரையோரமாக உட்கார்ந்து செம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதே போதும். புண்ணியத்தில் குறைவு வராது என்பது என் கருத்து.

தரங்கம்பாடி குளிப்பதற்கான ஊரன்று, பார்ப்பதற்கான ஊர். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில் டேனிஷ்காரர்கள் எழுப்பிய கோட்டை, 1706இல் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு வந்திறங்கிய கரை, முன்பகுதியைக் கடல் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில் ஆகிய எல்லாமே நடந்து சுற்றும் தூரத்தில் இருக்கின்றன. அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களில் பாசி படிந்திருக்கும். படம் எடுப்பதற்காக அவற்றின்மேல் ஏற வேண்டாம்.

பட்டுக்கோட்டையிலிருந்து:

கும்பகோணத்து ஐயா எழுதியவை எல்லாம் வங்கக்கடலை நேராகப் பார்த்த கரைகள். கோடியக்கரையில் கடற்கரை மேற்கே திரும்பிவிடுகிறது. அதற்கப்பால் இருப்பது பாக் விரிகுடா. இலங்கை மறைப்பதாலும் ஆழம் குறைவாக இருப்பதாலும் பெரிய அலை அங்கே எழுவதில்லை. அந்தக் கரையிலுள்ள மனோரா கோபுரத்துக்கு அழைத்துப்போன என் அக்காள் பிள்ளைகள், "மாமா, இதுக்கு நம்ம ஊர் ஏரியே போதுமே!" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அலை தேடுகிறவர்களுக்கு அது ஏமாற்றம்தான்.

என்றாலும் நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய அந்த எட்டு நிலைக் கோபுரத்தின் நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட, இதைவிட அமைதியான கரை எனக்குத் தெரியாது. தரை மணலாக இல்லாமல் சேறாக இருக்கும், செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரையோரம் காய்ந்த கடற்புல் குவிந்து கிடக்கும். குப்பை என்று முகம் சுளிக்காதீர்கள். அந்தப் புல்லைத் தின்னும் கடற்பசுக்களுக்காகத்தான் 2022இல் இந்தப் பாக் விரிகுடாப் பகுதியைத் தமிழ்நாடு அரசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நீரில் நடப்பவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்க வேண்டும். சேற்றில் படுத்திருக்கும் திருக்கை, மிதித்தால் வாலிலுள்ள முள்ளால் குத்திவிடும். அதிர்வு கேட்டால் தானே விலகிப் போய்விடும்.

மன்னார்குடியிலிருந்து:

கோடியக்கரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் குளிக்க அல்ல. மார்கழி, தையில் போனால் பூநாரைகளையும் வெளிமான்களையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு, வேதாரணியத்து உப்பளங்கள் வழியாகப் பொழுதோடு திரும்பலாம். சாப்பாட்டை வேதாரணியத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. கையில் பொட்டலத்தோடு இறங்கினால் குரங்குகள் விடாது.