சிறுநீர்ப்பைப் புற்று: சிடி8 நிறைய, பிடி-எல்1 குறைவு. ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: டியூஆர்பிடி (சிறுநீர்க்குழாய் வழியே கட்டியைச் சுரண்டி எடுத்த) மாதிரி, தசை வரை ஊடுருவிய கட்டி. சிடி8 டி-செல்கள் (கட்டியைக் கொல்லக்கூடிய நோயெதிர்ப்புச் செல்கள்) ஏராளம். நோயெதிர்ப்பை அடக்கும் பிடி-எல்1 புரதத்துக்கான 22சி3 சாயத்தில் சிபிஎஸ் மதிப்பெண் 10-ஐத் தொடவில்லை. இம்யூனோதெரபி (நோயெதிர்ப்பைத் தூண்டும் சிகிச்சை) பலன் தருமா என்று ஆன்காலஜிஸ்ட் கேட்கிறார்.

பதில் 1: எத்தனை என்பதைவிட எங்கே என்று பாருங்க மேடம். செல்கள் கட்டிக் கூடுகளுக்குள் நுழைந்திருக்கின்றனவா, சுற்றியுள்ள நார்த்திசுவிலேயே நிற்கின்றனவா? இரண்டையும் தனித்தனியே எண்ணி எழுதுங்க. அடிசோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைச் சோதித்த ஐஎம்விகோர்210-இன் மாதிரிகளை அலசிய 2018 ஆய்வில் ஏறக்குறைய பாதிக் கட்டிகள் இரண்டாம் வகை. அவற்றில் ஃபைப்ரோபிளாஸ்ட்களின் (நார்த்திசுச் செல்களின்) டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதச் சமிக்ஞை வலுவாக இருந்தால் அடிசோலிசுமாப் பெரும்பாலும் எடுபடவில்லை. கரண்டில் கருகிய ஓரத்தையும் நெக்ரோசிஸ் (செத்துப்போன திசு) பகுதியையும் எண்ணாதீங்க. அங்கே சாயம் பொய் சொல்லும்.

பதில் 2: சிபிஎஸ்ஸை இன்னொரு முறை சரிபாருங்க. சாயமேறிய கட்டிச் செல்கள், லிம்போசைட், மேக்ரோஃபேஜ் மூன்றையும் கூட்டி, உயிருள்ள மொத்தக் கட்டிச் செல்களால் வகுத்து, 100-ஆல் பெருக்கணும். நியூட்ரோஃபில், பிளாஸ்மா செல் சேராது. உயிருள்ள கட்டிச் செல்கள் 100-க்குக் குறைந்தால் மாதிரி போதாது என்றே எழுதணும். முன்பு சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி மருந்து போட்டிருந்தால், அதனால் வந்த கிரானுலோமா (அழற்சி முடிச்சு) மேக்ரோஃபேஜ்களை விலக்குங்க.

கேட்டவர்: எஸ்பி142 என்ற இன்னொரு பிடி-எல்1 சாயத்தில் மறுபடி போடலாமா சார்?

பதில் 2: அது வேறு கணக்கு. சாயமேறிய நோயெதிர்ப்புச் செல்கள் கட்டிப் பரப்பில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது. 5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் ஐசி2/3 என்ற உயர் குழு. அந்தக் குழுவிலேயே அடிசோலிசுமாப்பைக் கீமோவுடன் ஒப்பிட்ட ஐஎம்விகோர்211 ஆய்வில் கீமோவைவிட ஆயுள் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை.

பதில் 1: கிரான்சைம் பி-யையும் (டி-செல்கள் கட்டியைக் கொல்லப் பயன்படுத்தும் புரதம்) சேர்த்துப் போடுங்க. அறுவைக்கு முன் அடிசோலிசுமாப் கொடுத்த அபாகஸ் ஆய்வில் சிடி8-உடன் அதுவும் இருந்த கட்டிகளில் பலன் கூடுதலாகத் தெரிந்தது. சிபிஎஸ் குறைவு என்பதற்காக மட்டும் மருந்தை மறுக்க வேண்டாம் என்று டாக்டரிடம் நேரில் சொல்லிடுங்க.