அப்பப்பா கேட்ட மூலைப் படம்

குழு: நல்லூர் வீடு

[7:40] நான்: காலை வணக்கம். நேற்று மாலை சுவிஸ் மலைக் கிராமமான வெங்கன் வந்து சேர்ந்தோம். கார் மேலே வராது, லவுட்டர்புருன்னனில் நிறுத்திவிட்டுப் பல்சக்கர ரயிலில் ஏறினோம். 1893 முதல் அதுதான் வழி. நிலையத்திலிருந்து பெட்டிகளைப் பனிச்சறுக்கு வண்டியில் கட்டி அப்பா இழுத்து வந்தார்.

[7:41] நான்: (படம்) யுங்ஃப்ராவ் சிகரம், 4158 மீட்டர். என் படுக்கைக்கு நேரே தெரிகிறது!

[7:44] மாமி: எவ்வளவு அழகு! ஆனால் வீடு முழுக்க மரமா? குளிர் உள்ளே வராதா, பிள்ளை?

[7:46] அம்மா: இல்லை மச்சாள். இரவு வெளியே மைனஸ் 9. காலையில் சுவரில் கை வைத்தேன், சில்லென்று இல்லை. பேர்ணில் எங்கள் சீமெந்துச் சுவரை மாரியில் தொட முடியாது.

[7:49] சித்தப்பா (லண்டன்): கூரையில் ஒரு முழத்துக்கு மேல் பனி நிற்கிறதே. தள்ளிவிட மாட்டார்களா?

[7:53] அப்பா: வேண்டுமென்றே நிற்க விடுகிறார்கள். கூரைக்குச் சரிவு குறைவு. பனி வழுக்கி விழாதபடி ஓரத்தில் தடுப்பும் வைத்திருக்கிறார்கள். பனிக்குள் காற்று அடைபட்டிருக்கிறது, அதனால் அது வீட்டுக்குப் போர்வை. அளவு மீறிப் பெய்தால் மட்டும் ஏறித் தள்ளுவார்கள்.

[7:54] சித்தப்பா (லண்டன்): லாபர்ஹோர்ன் பனிச்சறுக்குப் பந்தயம் அங்கேதானே?

[7:55] அப்பா: ஆம், 1930 முதல். ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் இறக்கம். சின்னவன் ஊருக்குள் குழந்தைகள் பழகும் சரிவில் நிற்கக் கற்றுக்கொள்கிறான். அவனுடைய சப்பாத்துகள் கீழ்த்தளத்தில் காய்கின்றன.

[7:58] அப்பப்பா: மலை போதும். வீட்டின் மூலையை எடுத்து அனுப்பு, பிள்ளை. வெளியே, இரண்டு சுவர் சேரும் இடம்.

[7:58] நான்: எந்த மூலை அப்பப்பா?

[7:59] அப்பப்பா: எதுவானாலும். கிட்டப் போய் எடு.

[8:06] நான்: (படம்)

[8:15] மாமி: கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இங்கே நல்லூரில் மதியம் பன்னிரண்டே முக்கால், சோறு ஆறுகிறது.

[8:21] அப்பப்பா: ஆணி இல்லை. ஒவ்வொரு மரத்திலும் மேலும் கீழும் வெட்டு எடுத்து, குறுக்கும் மறுக்குமாக அடுக்கியிருக்கிறான். தலைகள் ஒரு சாண் வெளியே நீண்டிருக்கின்றன, பார்த்தாயா? அதைச் சுவரோடு அறுத்திருந்தால் வெட்டுக்கு வெளியே மரம் பிளந்து போய்விடும். இவன் மரம் தெரிந்தவன்.

[8:24] அப்பா: இதற்கு இங்கே ‘ஸ்ட்ரிக்பாவ்’ என்று பெயர் அப்பா. பின்னல் கட்டு என்று சொல்லலாம். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். இடுக்குகளில் பாசி அடைத்திருக்கிறார்கள். அடித்தளம் மட்டும் கல், நிலத்து ஈரம் மரத்தில் ஏறாமல் இருக்க.

[8:27] அப்பப்பா: படுக்கையாக அடுக்கிய மரம் காயக் காயச் சுருங்கும், சுவர் கீழே இறங்கும். கதவு நிலை நெரியாதா?

[8:33] அப்பா: வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தேன். கட்டும்போதே நிலைக்கு மேலே இடைவெளி விட்டுவிடுவார்களாம்.

[8:34] அப்பப்பா: நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

[8:36] நான்: அப்பப்பா, முகப்பில் எழுத்து செதுக்கியிருக்கிறது. கட்டிய கணவன் மனைவி பெயர், தச்சர் பெயர், ஆண்டு. 18 மட்டும் தெரிகிறது, மீதியைப் பூந்தொட்டிப் பலகை மறைக்கிறது.

[8:37] அப்பப்பா: தச்சன் பெயருமா?

[8:37] நான்: ஆம், ஒரே அளவு எழுத்தில். இந்தப் பகுதியில் பழைய ஷாலேக்களில், அதாவது இப்படியான மர வீடுகளில், அது வழக்கமாம்.

[8:49] மாமி: எழுந்து போய் நம் வாசல் நிலையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

[8:52] அப்பப்பா: ஊரில் எத்தனையோ நிலை வைத்தேன். ஒன்றிலும் பெயர் வெட்டவில்லை. வெட்டலாம் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

[8:53] சித்தப்பா (லண்டன்): அப்பா, இடம்பெயர்ந்து திரும்பியபோது கூரை இல்லை, ஓடு இல்லை. நீங்கள் வைத்த நிலை நின்றது. அதைப் பார்த்துத்தான் நம் வீடு என்று எனக்குத் தெரிந்தது.

[8:58] அப்பப்பா: பிள்ளை, அந்தத் தச்சன் பெயரைக் கிட்ட எடுத்து அனுப்பு. உளி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

[8:59] அம்மா: பனியில் ஏணி வைக்காதே, வழுக்கும்.

[9:02] நான்: மேல்மாடத்தில் நின்றே எட்டும் அம்மா. வீட்டுக்கார அம்மா பூந்தொட்டிப் பலகையைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். ஆண்டும் சேர்த்தே எடுக்கிறேன். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், அப்பப்பா.