ஹாஸ்டோரியம்: 'உறிஞ்சுவேர்' பொருந்துமா?

அன்புள்ள ஐயா,

அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் கொடி பற்றிய கட்டுரையில், ஒட்டுண்ணி பிற செடிக்குள் செலுத்தும் உறுப்பான ஹாஸ்டோரியத்துக்கு 'உறிஞ்சுவேர்' என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. துரு நோய்ப் பூஞ்சைக்கும் ஹாஸ்டோரியம் உண்டு. வேரே இல்லாத பூஞ்சைக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

'உறிஞ்சு' என்ற பாதியும் நெருடுகிறது. இந்தக் கொடி முளைத்த கொஞ்ச நாளில் ஒரு தண்டைப் பற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்துவிடும். பற்றிய இடத்தில் முண்டுகள் கிளம்பித் தண்டுக்குள் இறங்கி, அதன் சைலத்தோடும் (நீர்க்குழாய்) புளோயத்தோடும் (உணவுக்குழாய்) இணைந்துகொள்கின்றன. மண்ணிலுள்ள அடிப்பகுதி பிறகு பட்டுப்போகிறது. நீரும் சர்க்கரையும் கொடிக்கு வருவது பழைய செய்தி. மரபுச் செய்தி தாங்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் இரு திசையிலும் போய்வருவதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. கொடுக்கல் வாங்கல் இரண்டும் நடக்கும் இடத்தை உறிஞ்சி என்பது பாதி உண்மை.

லூபின் என்ற பயறுவகைச் செடியில் படர்ந்தால் அதன் ஆல்கலாய்டுகளும் (நச்சாகக்கூடிய தாவரச் சேர்மங்கள்) கொடிக்குள் ஏறிவிடுகின்றன. காமாலைக்கும் கூந்தல் தைலத்துக்கும் இதைப் பறிப்பவர்கள், எந்தச் செடிமேல் படர்ந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். மருத்துவப் பகுதியில் நீங்கள் அடுக்கியிருக்கும் நோய்ப் பெயர்களைவிட இந்த ஒரு வரி முக்கியம்.

என் பரிந்துரை: 'புகுவாய்'.

*

அன்பரே,

வேரை விட்டுவிடச் சம்மதம். ஆனால் 'புகுவாய்' என்றால் மாணவன் 'நீ புகுவாய்' என்றுதான் படிப்பான். 'பருகுவாய்', 'நுழைவாய்' எல்லாவற்றுக்கும் இதே கதி. முன்னிலை வினைமுற்றைக் கலைச்சொல்லாக்கிய பெருமை நமக்கு வேண்டாம்.

'ஊடுமுளை' எப்படி? ஊடுபயிர், ஊடுகதிர் என்று புழங்கிய முன்னொட்டுதான். முளை என்றால் தளிர்ப்பதும் ஆகும், அடித்து இறக்கும் ஆப்பும் ஆகும், பூஞ்சைக்கும் இடிக்காது. பன்மையில் 'ஊடுமுளைகள்' நாவில் தடுக்கவில்லை.

படர்ந்த செடி பற்றிய வரியைச் சேர்த்துவிடுகிறேன். கூடவே ஒன்று: கொத்தானையும் இதே கட்டுரையில் நுழைத்திருந்தேன், எடுத்துவிடலாமா? பார்வைக்கு இரண்டும் இலையற்ற நூல்கொடிகள். ஆகாசவல்லி என்ற பெயரும் இரண்டுக்கும் வழங்குகிறது. ஆனால் அம்மையார் கூந்தல் சர்க்கரைவள்ளிக் குடும்பம், கொத்தான் இலவங்கப்பட்டைக் குடும்பம். கொத்தானில் பச்சையம் உண்டு. தனக்கே உரிய ஆல்கலாய்டுகளும் உண்டு. ஒன்றின் மருந்துக் குறிப்பை மற்றதற்கு எழுதினால் ஆபத்து.

*

ஐயா,

'ஊடுமுளை' நன்று, 'புகுவாயை' விலக்கிக்கொள்கிறேன். கொத்தானுக்குத் தனிப் பதிவு போடுங்கள், இரண்டிலும் ஆகாசவல்லியைத் தலைப்பாக வைக்காமல்.