கூஸ் வாத்துக்குக் காலடிப் புண்: காரைக்குடி பக்கம் பறவை பார்க்கும் டாக்டர் தேவை

வணக்கம். ஆண் கூஸ், வயது 3, எடை நாலரைக் கிலோ. இடது பாதத்தடியில் சுண்டைக்காய் அளவு வீக்கம், நடுவில் கறுத்த பொருக்கு, தொட்டால் சூடு. இரை எடுக்கிறது, ஆனால் நொண்டுகிறது. முற்றம் முழுக்கக் கல்தளம். கனத்த பறவை நாளெல்லாம் அதில் நின்றால் தோல் தேய்ந்து கிருமி உள்ளே போய்விடும்.

தினமும் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பு கலந்து, 15 நிமிடம் காலை ஊறவைக்கிறோம். அந்த நீரைக் குடித்தால் கழியும், அதனால் ஒருவர் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஈரம் துடைத்து, பொவிடோன் அயோடின், காஸ் துணி, தளர்வான கட்டு. இறுக்கினால் விரல் வீங்கும். படுக்கைக்குக் காய்ந்த வைக்கோல். நனைந்தால் பூஞ்சை பிடித்து மூச்சைக் கெடுக்கும்.

மஞ்சள் பற்று யோசனை வேண்டாம், அப்பிவிட்டால் வீக்கம் கூடுகிறதா என்பதே தெரியாது. கோழி மருந்தைத் தண்ணீரில் கலப்பதும் வேண்டாம். சீக்குப் பறவை எவ்வளவு குடிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

தெரிய வேண்டியவை: காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் பறவைக்கு எக்ஸ்ரே எடுப்பவர் யார்? எலும்பைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். பொருக்கைக் கீறிச் சீழ்க்கட்டியை எடுத்துப் பழகிய டாக்டர் உண்டா? 1962-க்கு அழைத்தால் வரும் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டிக்காரர்கள் வாத்து பார்க்கிறார்களா?