பி.ஆர்க்கா, பி.எஸ் ஆர்க்கிடெக்சரா? சிட்டி காலேஜ் விண்ணப்பத்தில் எதைப் போடுவது?

எடிசன்_அம்மா:

வணக்கம். பெண் ஹைஸ்கூலில் கடைசி வருடம். ஆர்க்கிடெக்சர்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நியூயார்க்கில் க்யூனி என்ற நகரப் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் சிட்டி காலேஜைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வேறு கல்லூரியின் பெயரையே எடுக்க விடுவதில்லை.

விண்ணப்பத்தில் இரண்டு பெயர் வருகிறது. ‘பேச்சலர் ஆஃப் ஆர்க்கிடெக்சர்’ (பி.ஆர்க்) 5 வருடம். ‘பேச்சலர் ஆஃப் சயன்ஸ் இன் ஆர்க்கிடெக்சர்’ (பி.எஸ்) 4 வருடம். பள்ளி கவுன்சிலரைக் கேட்டால், “இரண்டும் ஒன்றுதான், சீக்கிரம் முடிவதைப் போடுங்கள்” என்கிறார். எனக்கென்னவோ மனம் ஒப்பவில்லை.

ஏ.பி கால்குலஸ், ஏ.பி ஃபிசிக்ஸ் இரண்டும் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடங்கள்) எடுத்திருக்கிறாள். அதைக் காட்டி 5 வருடத்தை 4 ஆக்க முடியுமா? அப்புறம், நாங்கள் இருப்பது நியூஜெர்சியில் எடிசன் என்ற ஊர். கொழுந்தனார் வீடு க்வீன்ஸில் இருக்கிறது. அந்த முகவரியைப் போட்டால் நியூயார்க்காரர்களுக்கான கட்டணம் கிடைக்குமா?

குட்டிச்சுவர்:

அக்கா, தயவுசெய்து இப்போதைக்கு எதையும் அழுத்தி அனுப்பிவிடாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

அமெரிக்காவில் ஆர்க்கிடெக்சர் பட்டங்களை அங்கீகரிக்கும் வாரியம் என்.ஏ.ஏ.பி. அது அங்கீகரிப்பது பி.ஆர்க், எம்.ஆர்க் (முதுநிலை), டி.ஆர்க் (முனைவர்) என்ற மூன்றை மட்டும்தான். நான்கு வருட பி.எஸ்-ஐ எவ்வளவு நல்ல கல்லூரி கொடுத்தாலும் அந்த முத்திரை அதற்குக் கிடையாது. அது தொழிலுக்கு முந்தைய பட்டம். மட்டமான படிப்பு என்று சொல்லவில்லை. அதை முடித்துவிட்டு எம்.ஆர்க் படித்தால்தான் பி.ஆர்க் முடித்தவர் நிற்கும் இடத்துக்கு வர முடியும். நியூயார்க் மாநிலத்தில் அந்த முத்திரை இல்லாமலும் கூடுதல் வருட அனுபவத்தைக் காட்டி லைசென்ஸ் வாங்க வழி இருக்கிறது. எல்லா மாநிலமும் அப்படி விடாது. அதை நம்பி இறங்க வேண்டாம்.

பட்டம் முடிந்தால் உடனே ஆர்க்கிடெக்ட் ஆகிவிட முடியாது. ஏ.எக்ஸ்.பி என்ற பணி அனுபவம் 3,740 மணி நேரம், ஏ.ஆர்.ஈ தேர்வு 6 பாகம், இரண்டும் முடிந்து லைசென்ஸ் வந்த பிறகுதான் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் போடலாம். எனக்கு அந்த ஆறு பாகமும் சேர்ந்து ஒரு கல்யாணத்தையும் ஒரு பிரசவத்தையும் பார்த்துவிட்டது.

ஏ.பி விஷயம்: கால்குலஸ், ஃபிசிக்ஸ் வகுப்புகள் குறையலாம். வருடம் குறையாது. காரணம் டிசைன் ஸ்டுடியோ, அதாவது வடிவமைத்துப் பழகும் வகுப்பு. ஒரு செமஸ்டர் ஸ்டுடியோ முடித்தால்தான் அடுத்தது. பத்து செமஸ்டருக்குப் பத்து பெட்டி கோர்த்த ரயில் மாதிரி, நடுவில் ஒன்றைக் கழற்ற முடியாது. ஏ.பி-யால் கிடைப்பது தூங்க நேரம். ஆர்க்கிடெக்சரில் அது சின்ன விஷயமில்லை.

இரண்டும்_இரண்டும்:

குட்டிச்சுவர் அண்ணா சொன்னது சரி, ஆனால் நான்கு வருடத்தை இவ்வளவு சீக்கிரம் ஓரம் கட்ட வேண்டாம். நான் 4+2 படித்தவன். என்னோடு பி.எஸ் சேர்ந்தவர்களில் சிலர் மூன்றாம் வருடத்தில் கட்டுமான மேலாண்மைக்குப் போனார்கள், ஒருத்தி சினிமா செட் போடப் போனாள். பி.ஆர்க்கில் அந்த நேரத்தில் மனம் மாறினால் விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. பதினேழு வயதில் எடுக்கிற முடிவு அது, பாருங்கள்.

ஆனால் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். நான்கோடு இரண்டு சேர்ந்தால் ஆறு வருடம், எம்.ஆர்க்குக்குத் தனியாக ஒரு விண்ணப்பம், மறுபடி ஒரு போர்ட்ஃபோலியோ (படைப்புகளின் தொகுப்பு). இளநிலையில் வேறு ஏதாவது படித்தவருக்கு எம்.ஆர்க் மூன்று, மூன்றரை வருடம்கூட ஆகும்.

எடிசன்_அம்மா:

இருவருக்கும் நன்றி. அப்படியென்றால் கவுன்சிலர் சொன்னதைக் கேட்டிருந்தால் ஒரு வருடம் மிச்சம் என்று நினைத்து ஒரு வருடம் கூடுதலாக மாட்டியிருப்போம். க்வீன்ஸ் முகவரி பற்றி யாரும் சொல்லவில்லையே?

குட்டிச்சுவர்:

வேண்டாம் அக்கா. க்யூனியில் நியூயார்க் கட்டணம் வேண்டுமென்றால் வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன் 12 மாதம் அங்கே உண்மையிலேயே குடியிருந்திருக்க வேண்டும். உங்களை நம்பி இருக்கும் பிள்ளைக்கு உங்கள் வீடுதான் வீடு. வரி கட்டிய தாள் எடிசனைக் காட்டும்போது கொழுந்தனார் முகவரி எப்படிச் செல்லும்? பிடிபட்டால் கட்டணத்தோடு மானமும் போகும்.

எடிசனில் உட்கார்ந்துகொண்டு நூவர்க்கை விட்டுவிட்டீர்களே! அங்கே என்.ஜே.ஐ.டி என்ற நியூஜெர்சி தொழில்நுட்பக் கழகத்தின் ஹில்லியர் கல்லூரியில் 5 வருட பி.ஆர்க் இருக்கிறது, அங்கீகாரம் பெற்றது. உங்கள் மாநிலக் கல்லூரி வேறு. எடிசனில் ரயில் ஏறினால் நூவர்க். கீன் பல்கலைக்கழகத்தில் ஆர்க்கிடெக்ட் மைக்கேல் கிரேவ்ஸ் பெயரில் கல்லூரி இருக்கிறது, ஆனால் அங்கே நான்கு வருடம் படித்து எம்.ஆர்க்குக்குப் போகும் வழி. நியூயார்க்தான் என்று பெண் பிடிவாதமாக இருந்தால் புரூக்ளினில் க்யூனியின் சிட்டி டெக்கும் உண்டு. அங்கே ‘ஆர்க்கிடெக்சுரல் டெக்னாலஜி’ என்று 4 வருடப் பட்டமும் இருக்கும், 5 வருட பி.ஆர்க்கும் இருக்கும். பெயரைப் பார்த்து மறுபடி ஏமாறாதீர்கள்.

வரிசையில்_நிற்பவன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சகோதரி, பெண் எந்த விசாவில் இருக்கிறாள்?

எடிசன்_அம்மா:

எச்-4, குடும்பத்தாருக்கான விசா. அவள் அப்பா எச்-1பி, வேலை விசா. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், எப்போது வரும் என்று பெருமாளுக்குத்தான் தெரியும். வரும் ஆகஸ்டில் அவளுக்கு 18.

வரிசையில்_நிற்பவன்:

நினைத்தேன். அப்படியானால் 21 வயது எந்த வருடத்தில் வருகிறது என்று முதலில் பாருங்கள். நான்காம் வருடம் தொடங்கும்போது. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். நான்கு வருடப் படிப்பென்றால் ஒரு வருடம் எஃப்-1. ஐந்து என்றால் இரண்டு. என் மூத்தவனுக்கு இதே கதை. இறுதி ஸ்டுடியோ நடக்கும் செமஸ்டரில் நாங்கள் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது வேலை. எஃப்-1ல் படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி என்ற வேலை அனுமதி 12 மாதம். குட்டிச்சுவர் சொன்ன 3,740 மணியை வாரம் 40 என்று வகுத்துப் பாருங்கள், 93 வாரத்தைத் தாண்டும். அதாவது ஓ.பி.டி முடியும்போது ஏ.எக்ஸ்.பி பாதியில் நிற்கும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டமாக இருந்தால் இன்னும் 24 மாதம் நீட்டலாம். ஆனால் ஆர்க்கிடெக்சருக்கான வழக்கமான பாடப்பிரிவுக் குறியீடு 04.0201 ஸ்டெம் பட்டியலில் இல்லை. 04.0902 இருக்கிறது. பட்டத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு கல்லூரி இதன் கீழும் இன்னொன்று அதன் கீழும் வைத்திருக்கலாம். எஃப்-1க்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் எந்த எண் வரும் என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். எச்-4 பிள்ளைக்கு உள்மாநிலக் கட்டணம் உண்டா, எஃப்-1க்கு மாறிய பிறகும் அது தொடருமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன ஆறுதல்: ஹைஸ்கூல் முடித்த நாளிலிருந்தே ஏ.எக்ஸ்.பி மணி சேர்க்கலாம். ஆனால் விசா அனுமதிக்கும் வேலையாக இருக்க வேண்டும். எச்-4 பிள்ளை சம்பள வேலைக்குப் போக முடியாது.

எடிசன்_அம்மா:

இதை யாருமே சொல்லவில்லை. அவருக்கும் காட்டினேன். இரண்டு பேரும் காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சரி, கடைசியாக ஒன்று: அவள் நாற்பது படம் வரைந்து வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து அனிமே முகம். போர்ட்ஃபோலியோ கேட்கிற கல்லூரிக்கு இதை அனுப்பலாமா?

கட்டர்பிளேடு:

ஆன்ட்டி, நான் இப்போது பி.ஆர்க் மூன்றாம் வருடம். முகத்தில் நன்றாக வந்த இரண்டை வைத்துக்கொண்டு மீதியை எடுத்துவிடச் சொல்லுங்கள். கட்டடம் வரைந்தே ஆக வேண்டும் என்றில்லை. அவள் எப்படிப் பார்க்கிறாள் என்பதைத்தான் தேடுவார்கள். என் போர்ட்ஃபோலியோவில் எல்லோரும் நின்று பார்த்தது எங்கள் வீட்டு மாடிப்படி. ஒரே படியைக் காலை, மதியம், மாலை என்று மூன்று முறை வரைந்தேன், நிழல் எங்கே விழுகிறது என்று மட்டும். நடுவில் உள்ளதில் கைப்பிடி கோணலாகிவிட்டது. அதையும் அழிக்காமல் வைத்தேன்.

கையால் செய்த பொருள் ஒன்றாவது இருக்கட்டும். அட்டையில் செய்த பெட்டி, தைத்த பை, எதுவானாலும். போட்டோ எடுக்கும்போது ஜன்னல் பக்கம், ஃபிளாஷ் போடாமல், பின்னால் வெள்ளைச் சார்ட். படத்துக்கு நேர் மேலே கேமராவைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் சதுரம் சரிவகமாகிவிடும்.

அட்டை வெட்டும்போது பிளேடை அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள். மழுங்கின பிளேடுதான் விரலை வெட்டும். முதல் வருடம் நான் இரவு இரண்டு மணிக்கு மாடலுக்குச் சிவப்பு வர்ணம் அடித்தது அப்படித்தான்.

எடிசன்_அம்மா:

சிட்டி காலேஜ், என்.ஜே.ஐ.டி இரண்டுக்கும் பி.ஆர்க் என்றே போடப்போகிறோம். குறியீடு கேட்டு இரண்டு கல்லூரிக்கும் மின்னஞ்சல் போய்விட்டது. மகள் இப்போது காராஜில் உட்கார்ந்து அவள் தாத்தாவின் மடக்கு நாற்காலியைக் கழற்றிப் போட்டு ஒவ்வொரு மூட்டாக வரைகிறாள். நாற்காலி மறுபடி நிற்குமா என்று தெரியவில்லை. தாத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை.