கடைமடை வாய்க்காலைப் பார்த்து மேட்டூர்த் திறப்பைச் சொல்ல முடியுமா?

கடைமடையான்: குட்டி கேலக்ஸிகளையும் சின்னச் சின்ன வாயுத் திரட்டுகளையும் அளந்தால் கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்) எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும் என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். நான் நம்பவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் எங்கள் வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் நிற்கிறது. மேட்டூரில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று அதை வைத்துச் சொல்வீர்களா? நடுவில் மதகு, ஆகாயத்தாமரை, ஆயில் இன்ஜின், முந்தாநாள் மழை. வானத்திலும் அதே கூத்துதான். நட்சத்திரம் சூப்பர்நோவாவாக வெடித்து வாயுவைத் தள்ளினால் குட்டி கேலக்ஸியின் நடு அடர்த்தியே மாறிவிடும். 1999-ல் நம் பால்வெளிக்கு நூற்றுக்கணக்கான துணை கேலக்ஸிகள் இருக்க வேண்டும், பத்துப் பன்னிரண்டைத்தான் காண்கிறோமே தவிர மீதியைக் காணவில்லை என்று ஒரே கூச்சல். தேடத் தேட ஐம்பதைத் தாண்டியது.

வண்டல்: அண்ணே, இன்ஜின் வைக்காத இடத்தில் அளங்களேன். லைமன்-ஆல்ஃபா காடு அப்படிப்பட்ட இடம். குவேசார் எனப்படும் தொலைதூரப் பிரகாசமான கேலக்ஸி மையத்தின் ஒளியை வழியில் கிடக்கும் ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டர் அலைநீளத்தில் விழுங்கும். பிரபஞ்சம் விரிவதால் ஒவ்வொரு மேகத்தின் கோடும் தள்ளித் தள்ளி விழுந்து, நிறமாலை நாற்றங்கால் போல நெருக்கமாக இருக்கும். பெரும்பாலும் கேலக்ஸிகளுக்கு இடையிலுள்ள வாயு, ஆயிரம் கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. கரும்பொருள் துகள் லேசாக, வேகமாக ஓடியிருந்தால் அந்தச் சிறு மேடுபள்ளங்கள் நிரவிப்போயிருக்கும். போகவில்லை. அதனால்தான் ஓரளவு வேகமாக ஓடும் 'வெதுவெதுப்பான' கரும்பொருள் துகளுக்குச் சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்டாவது நிறை வேண்டும் என்கிறார்கள்.

கடைமடையான்: அந்த வாயுவே பத்தாயிரம் கெல்வின் சூட்டில் இருக்கிறது. சூடும் மேடுபள்ளத்தை நிரவுமே. நிரவியது சூடா, துகளா?

வண்டல்: சரி, நியாயமான கேள்வி. துகளின் வேலை ஆதியிலேயே பதிந்துவிடுகிறது. சூடு காலத்தோடு ஏறி இறங்கும், கோட்டின் அகலத்திலும் தெரியும். பல தூரங்களில் அளந்தால் பிரிக்கலாம். முழுசாகப் பிரியாது, சூட்டை எப்படிக் கணக்கில் எடுக்கிறோமோ அதற்கேற்ப வரம்பும் நகரும்.

குத்தாலத்தான்: நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 2006-ல் கண்டுபிடித்த ஜிடி-1 நட்சத்திர ஓடையில் (நம் பால்வெளியில் நீளமாக ஓடும் நட்சத்திர வரிசை) ஓரிடம் விட்டுப்போயிருக்கிறது. நட்சத்திரமே இல்லாத ஒரு கரும்பொருள் திரட்டு குறுக்கே போயிருக்கலாம்.

கடைமடையான்: 'லாம்' போட்டுவிட்டீர்களே தம்பி. கரையில் உடைப்பு எடுத்தால் எலி வளையா, மாடு இறங்கியதா என்று நாங்களே விடிய விடியப் பேசுவோம். காட்டை ஒப்புக்கொள்கிறேன், குட்டி கேலக்ஸியை ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்புறம் வருகிறேன், முறைத் தண்ணீர் வந்துவிட்டது, இன்ஜின் போடணும்.

வண்டல்: அளவைக் கெடுப்பது யார் என்று இப்போது தெரிகிறது அண்ணே.