அலைமுடி புஸ்ஸென்று நிற்கிறது, காலையில் பத்து நிமிடம்தான் உண்டு. எண்ணெயா, கண்டிஷனரா, கெரட்டினா?

புதுவயல் மருமகள்:
பிறந்தது மதுரை, வாக்கப்பட்டது புதுவயல், வேலை காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில். காலை 7.40 பஸ்ஸை விட்டால் அன்றைக்குக் கதை கந்தல். என் முடி கோரையும் இல்லை, சுருட்டையும் இல்லை, இரண்டுங்கெட்டான். தலைக்கு ஊற்றியதும் ஈரத்தில் அழகாக அலை அலையாக விழும், காய்ந்து சீப்பு பட்டதோ இல்லையோ இலவம்பஞ்சு மெத்தையைப் பிரித்துக் கொட்டிய மாதிரி எழும்பி நிற்கும். மாமியார் எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னச் சொல்கிறார். பின்னினால் நெற்றியோரம் எல்லாம் சிலுப்பிக்கொண்டு, பிள்ளைகள் பின்பெஞ்சில் சிரிக்கிறார்கள். பியூட்டி பார்லரில் கேட்டால், திரவம் தடவிச் சூடு வைத்து முடியை நேராக்குகிற கெரட்டின் செய்ய எட்டாயிரம் என்கிறார்கள். யூடியூபில் பார்த்தால் ஒரு பெண் ஏழு பாட்டிலை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்குக் காலையில் பத்து நிமிடம், அதிகபட்சம் இரண்டு பாட்டில். இதற்குள் வழி இருந்தால் சொல்லுங்கள்.

பலகாரத் தட்டு:
வயது அறுபத்தி மூன்று, ஊர் பள்ளத்தூர். இதை ஒரு நோய் மாதிரி பேசுவதே எனக்குப் புரியவில்லை தாயி. எங்கள் வளவில் பாதிப் பேருக்கு இந்த முடிதான். எங்கள் அப்பத்தா செவ்வாய் வெள்ளி தவறாமல் முற்றத்தில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு அலசி, வெயிலில் ஆற்றி, படிய வாரிப் பின்னிவிடுவார். ஒரு முடி எழும்பாது. நீங்கள் எல்லாம் எண்ணெய் என்றாலே பிசுபிசுப்பு என்று ஓடுகிறீர்கள், அப்புறம் முடி வறண்டு நிற்காமல் என்ன செய்யும்? வாரம் இரண்டு நாள் எண்ணெய், மற்ற நாள் சடை. இதற்கு ஒரு பாட்டிலும் வேண்டாம்.

அலைகடல்:
சொந்த ஊர் கொத்தமங்கலம், இப்போது சென்னை. ஆச்சி மன்னிக்கணும், ஆனால் இந்த அறிவுரையைக் கேட்டுத்தான் இருபது வருடம் நான் பரட்டை என்று பெயர் வாங்கினேன்.

//படிய வாரிப் பின்னிவிடுவார்//

கெடுப்பதே இந்த வாருதல்தான். அலைமுடியில் பக்கத்துப் பக்கத்து இழைகள் ஒரே மாதிரி வளைந்து கொத்தாகச் சேர்ந்து நிற்கும், அதனால்தான் ஈரத்தில் அலை தெரிகிறது. காய்ந்த பிறகு சீப்பைப் போட்டால் ஒவ்வொரு கொத்தும் தனித்தனி இழையாகப் பிரிந்து ஆளுக்கொரு திசை பார்க்கும். புஸ் என்று சொல்கிறீர்களே, அது வேறொன்றும் இல்லை. முடிக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு என்று ஒன்று உண்டு, தண்ணீர் பட்டால் விடும், காயும்போது முடி எந்த நிலையில் இருக்கிறதோ அதே நிலையில் மறுபடி பிடிக்கும். ஈரச் சடையை அவிழ்த்தால் சுருள் தெரிவது அதனால்தான். ஆகவே காயும் நேரத்தில் முடியைத் தொடாமல் இருப்பதுதான் வேலையே. சோம்பேறிகளுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா?

என் முறை இவ்வளவுதான். குளியலறையிலேயே, காதுக்குக் கீழே கண்டிஷனர் தடவி, அது இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் அடியிலிருந்து மேலாகச் சிக்கு எடுப்பேன். கொஞ்சம் வழவழப்பு மிச்சம் இருக்கும்படி அலசுவேன். தலையைக் குனிந்து முடியைக் கையில் அள்ளி நுனியிலிருந்து மேலே கசக்கித் தண்ணீரைப் பிழிந்துவிட்டு, அப்படியே விட்டுவிடுவேன். அடுத்த தலைக்குளியல் வரை சீப்பு இல்லை. மூன்று நிமிடம்.

நேர்வகிடு:
கெரட்டினைக் கேட்டவருக்குக் கெரட்டினைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நான் இரண்டு வருடமாகச் செய்கிறேன். எழுந்தால் ஒரு வாரு, கிளம்பினால் ஆயிற்று. குறைந்த உழைப்பு என்றால் இதுதான் குறைந்த உழைப்பு, மற்றதெல்லாம் சோம்பேறித்தனத்துக்குக் கூடப் பயிற்சி எடுக்கச் சொல்கிற கூத்து.

தேவகோட்டை ரஸ்தா:
வேதியியல் படித்தவன் என்ற முறையில் ஒன்று. அந்தக் கெரட்டின் திரவங்கள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அல்லது முடியை நேராக்கும் 200 டிகிரி இரும்பு படும்போது அதிலிருந்து வெளியேறுகிறது. லேபிளில் அந்தப் பெயர் இல்லையென்றாலும் சூட்டில் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. அதற்குப் பதிலாகக் கிளையாக்ஸிலிக் அமிலம் வந்தது, அதைப் போட்டுக்கொண்டு சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் எழுதிவிட்டார்கள். செய்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம், பாட்டிலில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரு உபரித் தகவல்: முடி மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். நான்கு மாதத்தில் வேரிலிருந்து நாலு சென்டிமீட்டர் அலை, அதற்குக் கீழே கோரை. மறுபடி எட்டாயிரம்.

நேர்வகிடு:
//மறுபடி எட்டாயிரம்//
என் சம்பளம், என் தலை. சாளரத்தைத் திறந்து வைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் கிளையாக்ஸிலிக் விஷயம் எனக்குத் தெரியாது, அடுத்த முறை கேட்கிறேன். கேட்டால் எனக்கு முகம் கொடுத்துப் பேசுவார்களா என்பது வேறு.

கானாடுகாத்தான் கிராப்பு:
எல்லோரும் ஏன் சிரமப்படுகிறீர்கள்? பழநிக்கு நேர்ந்துகொள்ளுங்கள். ஒரே நாள் வேலை.

புதுவயல் மருமகள்:
அண்ணே, அந்த யோசனை என் வீட்டுக்காரர் ஏற்கெனவே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தேவகோட்டை ரஸ்தா:
இன்னொன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். தண்ணீர். அக்கா, நீங்கள் மதுரையில் இருந்தபோது முடி இப்படியா இருந்தது? உங்கள் வீட்டு போர் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியைப் பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருந்தால் அதே கால்சியமும் மக்னீசியமும்தான் உங்கள் தலையிலும் ஏறுகிறது. சோப்பு என்றால் அந்த உப்போடு சேர்ந்து திரிந்து அழுக்காகவே ஒட்டும், ஷாம்பு அந்த அளவு திரியாது, இருந்தாலும் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக முடியில் ஏறி அதைச் சொரசொரப்பாக்கும். நம் பழைய வீடுகளில் முற்றத்துக் கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்தார்களே, அது மழைத் தண்ணீர், உப்பே இல்லாதது. பலகாரத் தட்டு ஆச்சி அதைத் தன் அப்பத்தாவின் கைராசி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், பாதி ராசி அண்டாவுடையது.

பலகாரத் தட்டு:
தம்பி, எங்கள் அப்பத்தாவை விட்டுவிட்டு அண்டாவுக்கு மாலை போடுகிறாயே. மழைத் தண்ணீரில் குளித்தது உண்மைதான், ஆனால் கோடையில் ஏது மழை? ஊரணித் தண்ணீர்தான். அப்போதும் முடி நன்றாகத்தான் இருந்தது. சீயக்காய் எந்தத் தண்ணீரிலும் வேலை செய்யும்.

தேவகோட்டை ரஸ்தா:
ஊரணியும் மழை நிரப்புவதுதானே ஆச்சி! போர் மாதிரி பாறைக்குள் கிடந்து உப்பைக் கரைத்துக்கொண்டு வருவதில்லை. ஆனால் சீயக்காய் பற்றிச் சொன்னது சரி. அதில் நுரை தருவது சாப்போனின், சோப்பு மாதிரி உப்போடு சேர்ந்து திரியாது. கொஞ்சம் புளிப்புத் தன்மையும் உண்டு.

அலைகடல்:
சீயக்காய்த் தூள் முடியில் மணல் மாதிரி சிக்கிக்கொண்டு, அதை எடுக்க மறுபடி வாரி... வறட்சி வேறு. நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பலகாரத் தட்டு:
வெறும் தண்ணீரிலா கரைத்தாய்? அதுதான். வடிகஞ்சியில் கரைக்க வேண்டும், அதோடு செம்பருத்தி இலையைக் கசக்கிப் போட்டால் கொழகொழவென்று வரும், துணியில் வடிகட்டித் தேய்க்க வேண்டும். அந்தக் கொழகொழப்பில் விரலை விட்டாலே சிக்கு வழுக்கிக்கொண்டு போகும். பாட்டிலில் நீ வாங்குகிற வழவழப்பு இதுதான் தாயி, எங்களுக்கு வேலியோரம் கிடைத்தது.

அலைகடல்:
சரி, இதை ஒத்துக்கொள்கிறேன். சிக்கு எடுக்கும்போது வழுக்கல் வேண்டும் என்பதில் நாம் இருவரும் ஒரே கட்சி. ஆனால் ஆச்சி, கேட்டவருக்கு 7.40 பஸ். இலை பறித்து, கசக்கி, கஞ்சி எடுத்து வைத்து, வடிகட்டி, தேய்த்துவிட ஒரு ஆள், ஆற்ற ஒரு முற்றம், செவ்வாய்க்கிழமை அரை நாள்! அந்த முடி எண்ணெயால் மட்டும் வளரவில்லை, வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து வளர்த்தார்கள். இன்றைக்கு அந்த நாலு பேரும் சேர்ந்த ஒரே ஆள் நான்தான். அப்படிப்பட்ட எனக்கு மூன்று நிமிடக் கண்டிஷனர் தப்பா?

பலகாரத் தட்டு:
தப்பு என்று நான் சொல்லவில்லை. எண்ணெயே வேண்டாம் என்கிற மாதிரி பேசினாய், அதற்குச் சொன்னேன்.

அலைகடல்:
வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காய்ந்த தலையில் வைத்துக்கொண்டு வெளியே போவதுதான் வேண்டாம். அலைமுடியை எண்ணெய்ப் பாரம் கீழே இழுத்து, உச்சி படிந்து நுனி மட்டும் சிலிர்க்கும். குளிப்பதற்கு முன்னால் வைத்தால் நல்லது, அதற்கு ஆதாரமே இருக்கிறது. 2003-இல் மும்பையில் இருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது: தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டதில் தேங்காய் எண்ணெய் மட்டும்தான் முடியிலிருந்து புரதம் போவதைக் குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் சின்ன மூலக்கூறு, முடிக்குள்ளே போகிறது. எழுதியவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனிக்காரர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது வந்து சொல்வதற்கு முன்.

கொப்பாத்தா தெரு:
நல்லவேளை சொன்னீர்கள், நான் டைப் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு சின்ன விஷயம். துண்டைப் பற்றி யாருமே பேசவில்லை. குஞ்சம் வைத்த மொத்தமான டர்க்கித் துண்டால் தேய்த்துத் துவட்டினால் மேலே சொன்ன எல்லாம் வீண். என் அம்மா பழைய கண்டாங்கி சேலையைக் கிழித்துத் தலைதுண்டு வைத்திருப்பார், வருடக்கணக்கில் துவைத்துத் துவைத்து பூ மாதிரி இருக்கும். தேய்க்காமல் சுற்றி ஒரு அழுத்து, அவ்வளவுதான். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சேலையைக் கிழிக்கிறாளே என்று சண்டைக்கு வராதீர்கள், கிழிந்த பிறகுதான் கிழிக்கிறோம். இல்லையென்றால் ஈரிழைத் துண்டு. வெளிநாட்டுப் பெண்கள் பருத்தி டீசர்ட்டால் துவட்டச் சொல்லி வீடியோ போடுகிறார்கள், நம் வீட்டுக் கொடியில் அது ஏற்கெனவே தொங்குகிறது.

புதுவயல் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. ஆனால் முடியை விரித்துப்போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போக முடியாது. வீட்டிலும் தலைவிரி கோலம் என்பார்கள்.

பலகாரத் தட்டு:
சொல்லத்தான் செய்வார்கள். விசேஷ வீட்டில் பந்தி பரிமாறும்போது பணியாரத்தில் முடி விழுந்தால் யாருக்குப் பிடிக்கும்? அது கட்டுப்பெட்டித்தனம் இல்லை.

அலைகடல்:
முதல் நாள் சாயங்காலம் தலைக்கு ஊற்றுங்கள். முக்கால்வாசி காய்ந்ததும் தளர்வாக ஒரு சடை போட்டுப் படுங்கள், ரப்பர் பேண்ட் வேண்டாம், துணி சுற்றியது போதும். காலையில் சடையை அவிழ்க்கக்கூட வேண்டாம், நெற்றியோரம் ஈரக்கையால் ஒரு தடவு தடவிவிட்டு பஸ் ஏறுங்கள். ஒரு நிமிடம்.

பலகாரத் தட்டு:
சாயங்காலம் தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும்.

அலைகடல்:
ஆச்சி, சளி வைரஸால் வருவது.

பலகாரத் தட்டு:
எங்கள் வீட்டில் சாயங்காலம் தலைக்கு ஊற்றினால்தான் வருகிறது.

புதுவயல் மருமகள்:
மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறேன், ஐப்பசி பிறந்துவிட்டது. செய்தது இது: புதனும் சனியும் சாயங்காலம் தலைக்குளியல், அரை மணி முன்னால் தேங்காய் எண்ணெய், பிறகு ஷாம்பு, கண்டிஷனரோடு சிக்கு எடுத்தல், மாமியாரின் பழைய சேலைத்துண்டு. சனிக்கிழமை மட்டும் கடைசியாக ஒரு மக் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து ஊற்றிக்கொள்கிறேன். எலுமிச்சைதான் பிழியப் போனேன், அது தோலில் பட்டு வெயிலில் போனால் கறுத்துவிடும் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் தடுத்தார். காய்ந்த தலையில் சீப்பே படுவதில்லை. முதல் வாரம் கை பரபரத்தது, இப்போது பழகிவிட்டது. பிள்ளைகள் சிரிப்பதில்லை, ஒருத்தி மட்டும் "மிஸ் முடியைச் சுருட்டினீங்களா" என்றாள்.

ஆனால் முந்தாநாள் அடைமழை. பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் பழையபடி பஞ்சு மூட்டை. எல்லாம் போச்சா?

அலைகடல்:
போகவில்லை. காற்றில் இருக்கும் ஈரமே அந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை அவிழ்த்துவிடும், மழைநாளில் கொஞ்சம் எழும்பத்தான் செய்யும், சென்னையில் எனக்கு வருடம் பூராவும் அப்படித்தான். குளித்த பிறகு வேறு ஏதாவது தடவுகிறீர்களா?

புதுவயல் மருமகள்:
இரண்டாவது பாட்டில் ஒரு க்ரீம், அலசாமல் விடுவது. 450 ரூபாய்.

தேவகோட்டை ரஸ்தா:
பின்னால் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். முதல் மூன்று நான்கு பெயருக்குள் கிளிசரின் இருக்கிறதா? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து முடிக்குக் கொடுக்கும். மழைநாளில் அது உங்களுக்கு உபகாரம் இல்லை.

புதுவயல் மருமகள்:
தண்ணீருக்கு அடுத்த பெயரே அதுதான்.

அலைகடல்:
கார்த்திகை முடியும் வரை அதை மூடி வையுங்கள். மழைநாளில் பாதி காய்ந்ததும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, நுனியில் மட்டும் கசக்கி விடுங்கள். ஈரம் உள்ளே போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும்.

பலகாரத் தட்டு:
என்ன எண்ணெய் என்றாய்?

அலைகடல்:
இரண்டே சொட்டு ஆச்சி. நுனியில் மட்டும்.

பலகாரத் தட்டு:
நான் ஒன்றும் சொல்லவில்லையே. புதுவயல் தாயி, பள்ளத்தூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா, செம்பருத்தி வேலி தாண்டி வளர்ந்து கிடக்கிறது. அந்த 450 ரூபாய் பாட்டிலையும் கொண்டு வா, என்னதான் இருக்கிறது என்று மோந்து பார்க்கிறேன்.